கழற்றிய முகக்கவசம் யாருடைய கைக்குப் போகிறது?

எமது ஒழுங்கை பிரதான வீதியோடு சேரும் இடத்தில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. அதில் குப்பை போட வேண்டாம் என்று மூன்று மொழிகளிலும் எழுதிய தகடு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. கொழும்பில் இப்படியான தகடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் குப்பையும் இருக்கும் என்பதை வாசகியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் அந்தக் கம்பத்தடியில் ஒரு புதிய சாமான் சேரத் தொடங்கியது. நீல நிற முகக்கவசம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் மூச்சுவிட்டுக் கழற்றிப் போட்டது, நாடா அறுந்ததால் எறியப்பட்டது, முச்சக்கரவண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டுக் காற்றில் பறந்தது என்று தினமும் ஏழெட்டு கிடக்கும். மழை பெய்தால் எல்லாம் ஒன்றாய் இழுபட்டு வடிகான் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் காலம் போய்விட்டது. முகக்கவசம் கட்டாயம் என்ற விதியும் 2022 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகிறவர்களும், தடிமன் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்களும், புகைக்கும் தூசுக்கும் பயந்தவர்களும் இன்றும் அணிகிறார்கள். படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் வீடுகளில் கையுறைப் பெட்டி இப்போது சவர்க்காரம் போல ஒரு வீட்டுச் சாமானாகிவிட்டது. கட்டாயம் போய்விட்டது; பழக்கம் இருக்கிறது. கழற்றியதை என்ன செய்வது என்ற பழக்கம் மட்டும் எமக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அணியச் சொன்ன சட்டம்

இலங்கையில் முதல் கொவிட் நோயாளி 2020 ஜனவரி 27 ஆம் திகதி இனங்காணப்பட்டார். சீனாவிலிருந்து வந்திருந்த ஒரு சுற்றுலாப் பயணி அவர். மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தது. ஒக்டோபரில் இரண்டாவது அலை எழுந்தபோது, அம்மாதம் 15 ஆம் திகதி வெளியான வர்த்தமானி முகக்கவசத்தைச் சட்டமாக்கியது. பொது இடத்தில் அணியாதவருக்குப் பத்தாயிரம் ரூபா வரை தண்டப்பணம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அன்றிலிருந்து பொலிசார் சந்திகளில் நின்று முகத்தைப் பார்த்தார்கள். நாமும் பொலிசைக் கண்டதும் தாடையிலிருந்ததை மூக்குக்கு ஏற்றினோம்.

வீதியில் குப்பை எறிவது எமது நாட்டில் நெடுங்காலமாகவே குற்றம்தான். ஆனால் முகக்கவசத்தை எறிந்ததற்காக எங்கள் பகுதியில் யாரும் பிடிபட்டதாக நான் கேள்விப்படவில்லை. அணிவது எப்படி என்பதற்குத் தொலைக்காட்சியில் நாளுக்குப் பத்துத் தடவை விளக்கம் வந்தது. எறிவது எப்படி என்பது சுவரொட்டியின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருந்தது. மூடியுள்ள தொட்டியில் போடுங்கள் என்று அது சொல்லியது. மூடியுள்ள தொட்டி எங்கே இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

வீதியோரத் தொட்டிகள் ஏன் இல்லை என்று மாநகர சபையைக் குறை சொல்வது எளிது. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் சந்தியில் ஒரு தொட்டி வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாளில் அதைச் சுற்றி வீட்டுக் குப்பைப் பைகள் மலைபோலக் குவிந்துவிட்டன. மீன் தலையும் குழந்தையின் பம்பர்ஸும் கிடந்து நாறியதில், வைத்தவர்களே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பாதசாரிக்காக வைத்த தொட்டியைக் காரில் வந்து நிரப்பிவிட்டுப் போனவர்களும் எமது ஊர்க்காரர்கள்தான்.

நாம் எதைச் சுற்றுகிறோம்?

இந்த இடத்தில் பெண்களாகிய நாம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பதின்மூன்று வயதில் எமது தாய்மார் எமக்குக் கற்றுத்தந்த ஒரு பாடம் இருக்கிறது. மாதவிலக்குத் துணியையும், பின்னாளில் நாப்கினையும், யாருடைய கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்துவது எப்படி என்ற பாடம். பத்திரிகைத் தாளில் ஒரு சுற்று, அதன் மேல் கறுப்புப் பையில் ஒரு சுற்று, அதையும் குப்பையின் அடியில் செருகி மேலே வெங்காயத் தோலைப் போட்டு மூடுவது. எந்தச் சுவரொட்டியும் இல்லாமல், எந்தத் தண்டப்பணமும் இல்லாமல், நாட்டின் எல்லா இனப் பெண்களும் பிழையின்றிச் செய்கிற காரியம் இது.

அதே நாம், அதே கையால், வாயிலும் மூக்கிலும் எட்டு மணித்தியாலம் ஒட்டியிருந்த முகக்கவசத்தை பஸ் தரிப்பிடத்து ஆசனத்துக்கடியில் விட்டுவிட்டு எழுந்து போனோம்.

நோய் தொற்றும் என்ற பயம் இருந்த காலத்தில், தொற்றக்கூடிய சாமானைத்தான் நாம் பகிரங்கமாக எறிந்தோம். வெட்கம் என்று சொல்லித்தரப்பட்டதைத்தான் மூன்று சுற்றுச் சுற்றினோம். ஆகவே கழிவை அப்புறப்படுத்தும் விடயத்தில் எம்மை நடத்துவது ஆபத்து பற்றிய அறிவு அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. யார் பார்ப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்பதே எம்மை நடத்துகிறது. நீல நிற முகக்கவசம் தெருவில் கிடந்தால் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தெரியாதது வெட்கமுமில்லை.

இதை மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். சொல்லாமலிருக்கத்தான் இவ்வளவு காலமும் விரும்பினேன்.

எங்கள் வீட்டுப் பை

2021 ஆகஸ்ட் 20 ஆம் திகதி நாடு மீண்டும் மூடப்பட்டது. அந்த ஊரடங்கு ஒக்டோபர் முதலாம் திகதி வரை நீடித்தது. வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்த காலம் அது. கடும் அறிகுறி இல்லாதவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் முறை அப்போது நடைமுறையில் இருந்தது. எனது மாமிக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் தொற்று உறுதியாயிற்று. பின்னறையில் அவரைப் படுக்க வைத்தோம். நான்தான் பார்த்தேன். உள்ளே போகும்போது ஒரு சோடிக் கையுறை, இரண்டு முகக்கவசம். வெளியே வரும்போது எல்லாம் ஒரு வாளிக்குள். மாமி இருமித் துப்பிய காகிதங்களும் அதற்குள்தான். நான்கு நாளில் ஒரு பெரிய பை நிறைந்தது.

அந்தப் பையை என்ன செய்வது? அக்காலத்தில் பல நாடுகளில் சொல்லப்பட்ட அறிவுரை எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பைகளுக்குள் போட்டு இறுகக் கட்டி, 72 மணித்தியாலம் ஒதுக்கி வைத்து, பிறகு மற்றக் குப்பையோடு கொடுக்கலாம். மூன்று நாள் என்பது பெரிய காரியமா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அடி இடம் இருக்கிறது, வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் வாசலில் ஒட்டப்பட்டிருந்த அறிவித்தலை அயலவர்கள் பார்த்திருந்தார்கள். பால் கொண்டுவருபவர் பத்து யார் தள்ளி நின்று கூப்பிட்டார். அந்தப் பை எங்கள் வாசலில் இருந்தால் குப்பை வண்டியே நிற்காது என்று யாரோ சொன்னார்கள். அது உண்மையா என்று நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் அதிகாலை நாலரை மணிக்கு எனது கணவர் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய் மின்கம்பத்தடியில் வைத்துவிட்டு வந்தார். நான்தான் கட்டிக் கொடுத்தேன். அவர் திரும்பி வரும்வரை கதவைத் திறந்துகொண்டு நின்றதும் நான்தான்.

ஆறு மணிக்கு மேல்மாடி ஜன்னலைத் திறந்தபோது நாய்கள் பையைக் கிழித்திருந்தன. வீதி கூட்டும் பெண்மணி வந்திருந்தார். ஊரடங்கிலும் அவர்களுக்கு வேலை உண்டு. ஈக்கில் விளக்குமாற்றால் கூட்டினால் ஈரக் கையுறைகள் தார் வீதியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவர் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினார். ஒரு கையில் கையுறை இருந்தது. மற்றக் கையில் ஒரு ஷொப்பிங் பையைச் சுற்றியிருந்தார். எனது மாமியின் துப்பல் காகிதத்தை அவர் பொறுக்கி வண்டிலில் போடுவதை நான் மேலே நின்று பார்த்தேன். இறங்கிப் போகவில்லை. போகவும் முடியாது, எங்கள் வீடு தனிமைப்படுத்தப்பட்ட வீடு. அந்தச் சாட்டு எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

மாமி சுகமாகிவிட்டார். அந்தப் பெண்மணிக்கும் ஒன்றும் ஆகவில்லை; அடுத்தடுத்த வாரங்களிலும் அவரைக் கண்டேன். பொருட்களின் மேற்பரப்பைத் தொடுவதால் கொவிட் பரவுவது மிக அரிது என்று இப்போது விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பார்த்தவை வேறு விதமாக இருந்தன. ஆய்வுகூடத்தில் பிளாஸ்டிக்கின் மேல் மூன்று நாள் வரையும், சத்திரசிகிச்சை முகக்கவசத்தின் வெளிப்பக்கத்தில் ஏழாம் நாளிலும் உயிருள்ள வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆய்வுகூடத்தில் இருந்தது தெருவில் அவ்வளவாக இல்லை என்பது பிறகுதான் தெளிவானது. ஆனால் அந்தப் பையை வைத்த நாளில் நாங்கள் நம்பியிருந்தது முதலாவதைத்தான். இது ஆளைக் கொல்லும் என்று நம்பிக்கொண்டுதான் அதை இன்னொருவர் கைபடும் இடத்தில் வைத்தோம்.

“ஊசிக்குத்தான் பயம், மிஸ்”

பல மாதங்கள் கழித்து, நாடு திறந்த பிறகு, அவரோடு பேசும் சந்தர்ப்பம் கிடைத்தது. வடகொழும்பில் இருந்து வருகிறார். மாநகர சபையின் நிரந்தர ஊழியர் அல்ல. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கீழ் நாட்சம்பளம். கொழும்பில் வீதி கூட்டும் வேலையில் ஒரு பகுதி இப்படித்தான் தனியார் ஒப்பந்தத்தில் நடக்கிறது. நான் பையைப் பற்றிச் சொல்லிவிட எண்ணித்தான் போனேன். தேநீரைக் கொடுத்துவிட்டு, “அக்கா, அந்த நேரம் இந்த மாஸ்க், கிளவுஸ் எல்லாம் பொறுக்கும்போது உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா?” என்று கேட்டேன்.

“மாஸ்க்குக்கு என்ன பயம் மிஸ்? ஊசிக்குத்தான் பயம்” என்றார் அவர். “போத்தல் ஓடு என்றாலும் மினுங்கும், கண்ணுக்குத் தெரியும். ஊசி பைக்குள்ளே இருக்கும், குத்தினபிறகுதான் தெரியும்.”

கையை விரித்துக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு. சீனி வருத்தக்காரர் யாரோ போட்ட இன்சுலின் ஊசி. கையுறை போட்டிருக்கவில்லையா என்றேன். கொடுத்தது கிழிந்துவிட்டது, அடுத்தது வர நாள் ஆகும் என்றார். எங்கள் வீட்டில் நான் ஒரு நாளைக்கு நான்கு சோடி கழற்றி எறிந்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. பையைப் பற்றி நான் அன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னதில் விடயம் இருக்கிறது. முகக்கவசத்தை விட ஊசி ஆபத்தானது. பாவித்த ஊசி குத்தினால் ஈரல் அழற்சி பி, சி ஆகிய வைரஸ்கள் தொற்றக்கூடும். நீரிழிவு உள்ள வீடுகளில் இன்சுலின் ஊசியும், இரத்தச் சீனி பார்க்கும் சிறு ஊசியும் தினமும் கழிகின்றன. இவற்றைச் சாதாரணக் குப்பைப் பையில் போடவே கூடாது. தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை ஒதுக்கி, ஊசியின் மூடியைத் திரும்பப் போட முயலாமல் அப்படியே அதற்குள் விட்டு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, மேலே ஊசி என்று எழுதவேண்டும். பிறகு உங்கள் கிளினிக்கில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். வைத்தியசாலைகளில் தொற்றுள்ள கழிவுக்கென்று மஞ்சள் நிறப் பையும் தனி வழியும் இருக்கின்றன. கேட்க வெட்கப்படவேண்டாம். ஒருவர் கேட்டால் “இங்கே எடுப்பதில்லை” என்பார்கள், இருபது பேர் கேட்டால் ஒரு பெட்டி வைப்பார்கள்.

ஐந்து நிறத்தில் எது?

குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது எமக்குப் புதிதல்ல. பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பொலித்தீன் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு என்று பாடசாலைப் பிள்ளைகள் பாடமாக்கிச் சொல்கிறார்கள். எனது மகளிடம் முகக்கவசம் எதற்குள் போகும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, துணிதானே, பச்சை என்றாள்.

தொட்டுப் பார்த்தால் துணிபோல இருப்பதால் பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சாதாரண மூன்றடுக்கு முகக்கவசம் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி மெல்லிய இழைகளாக்கிச் செய்தது. தயிர்க் கோப்பையும் கயிறும் செய்வதும் இதே பிளாஸ்டிக்கில்தான். பச்சையில் போட்டால் பசளைக்குள் போகும், உக்காது. சரி, பிளாஸ்டிக் என்றால் செம்மஞ்சளில் போடலாமே என்றால் அதுவும் கூடாது. அதில் காதுப் பட்டியும் மூக்குக் கம்பியும் வேறு சேர்ந்திருக்கின்றன, மீள்சுழற்சிக்கு ஆகாது. அதோடு செம்மஞ்சள் பையில் இருப்பதை எங்கோ ஓரிடத்தில் பெண்கள் உட்கார்ந்து கையால் தரம் பிரிக்கிறார்கள். எனவே முகக்கவசமும் கையுறையும் நாப்கினும் பம்பர்ஸும் இந்த ஐந்து நிறத்துக்கும் சேராத எஞ்சிய கழிவு. அதைத் தனிப் பையில் கட்டித்தான் கொடுக்கவேண்டும்.

கையுறையிலும் வேறுபாடு உண்டு. எமது நாட்டு இறப்பர்ப் பாலில் செய்த கையுறை காலப்போக்கில் மண்ணில் சிதையும். இலங்கை உலகச் சந்தைக்குக் கையுறை அனுப்பும் நாடு என்பதும், இறப்பர்ப் பால் வெட்டுவோரில் பெருந்தொகையானோர் பெண்கள் என்பதும் எமக்குப் பெருமையே. பார்மசியில் நீல நிறத்தில் விற்கும் நைட்ரைல் கையுறையும், உணவுக் கடைகளில் போடும் வழுவழுப்பான வைனைல் கையுறையும் செயற்கைப் பொருளில் செய்தவை. அவை அவ்வளவு இலேசில் அழியா.

கொழும்பில் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்த பைக்கு இன்று ஓரளவு நல்ல முடிவு இருக்கிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் பிறகுதான் குப்பைக்கு வேறு வழி தேடும் வேலை வேகம் பிடித்தது. கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவொட் மின்சாரம் எடுக்கும் ஆலை 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அப்படியான உலையில் சுமார் 850 பாகை செல்சியஸுக்கு மேல் எரியும்போது கிருமியும் சாகும், பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் முழுதாக எரியும். ஆனால் தெருவில் எறிந்த முகக்கவசம் அந்த உலைக்குப் போவதில்லை. வடிகானுக்குள் விழுந்து, அங்கிருந்து வாய்க்காலுக்கும் களனி கங்கைக்கும் கடலுக்கும் போகிறது. மற்ற நகரங்களில் கட்டிக் கொடுத்த பைக்கும் இந்த வசதி இல்லை. கண்டியின் குப்பை மகாவலிக் கரையோரம் உள்ள கொஹாகொடைக்கும், யாழ்ப்பாணத்தின் குப்பை கல்லுண்டாய் வெளிக்கும் போய்ச் சேர்ந்ததை அங்குள்ள வாசகியர் நன்கு அறிவார்கள்.

உலகம் முழுவதும்

நாம் மட்டும் இப்படியா என்றால், இல்லை. பதினொரு நாடுகளில் வீதிக் குப்பையைப் படம் எடுத்துப் பதிவுசெய்யும் தொண்டர்களின் தரவைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, மொத்தக் குப்பையில் முகக்கவசத்தின் பங்கு 2020 மார்ச்சுக்கு முன் 0.01 வீதத்திலும் குறைவாக இருந்து, ஒக்டோபரில் 0.8 வீதத்துக்கும் மேலாக உயர்ந்ததாகக் கண்டது. கனடாவின் டொரன்டோ நகரில் ஐந்து வாரங்கள் தேடிய ஆய்வாளர்கள் 1,306 பொருட்களைக் கண்டெடுத்தார்கள். கையுறைகளே அதிகம். அவை அதிகம் நெருங்கிக் கிடந்த இடம் பெரிய பலசரக்குக் கடையின் வாகனத் தரிப்பிடம். சாமான் வாங்கும்வரை பயம், காரில் ஏறும் முன் கழற்றி நிலத்தில். படித்தபோது எங்கள் ஊர் சுப்பர்மார்க்கட் வாசல்தான் கண்முன் வந்தது.

2020 செப்டெம்பரில் பிரேசில் கடற்கரையில் இறந்து ஒதுங்கிய ஒரு பெங்குயினின் வயிற்றில் முழு முகக்கவசம் ஒன்று இருந்தது. நெதர்லாந்தின் லைடன் நகர வாய்க்காலில் கையுறை விரலுக்குள் சிக்கி ஒரு மீன் செத்துக் கிடந்தது. இத்தாலியின் மிலான் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரு முகக்கவசத்தை வெயிலுக்கு ஒப்பான ஒளியில் காயவைத்து, கடல்நீர் போன்ற நீரில் கலக்கியபோது ஒரு நாளில் 1,73,000 வரையான நுண்ணிழைகள் உதிரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அந்த இழையை மீன் விழுங்கும். மீனை நாம் வாங்குவோம்.

2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எமது கடலில் எரிந்து, 1,680 தொன் அளவிலான பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். அதே மாதங்களில் நாமும் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக அதே கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அதற்கு யாரிடம் நட்டஈடு கேட்பது?

எரிப்பதா, புதைப்பதா?

வாசகியர் பலர் வீட்டு வளவில் எரித்துவிடுகிறார்கள். கண்முன்னே சாம்பலாகிவிட்டால் மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் வளவுத் தீ உலைத் தீ அல்ல. சூடு போதாமல் பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்து கரும்புகையைக் கக்கும். வைனைல் கையுறை என்றால் இன்னும் மோசம். அதில் குளோரின் இருப்பதால் நெஞ்சை அரிக்கும் வாயுவும் டயொக்சின் என்ற நஞ்சும் உண்டாகும். இந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் நின்று தடியால் கிளறும் பெண்தான். மலசலகூடக் குழிக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது அதைவிட வீண் வேலை. குழாய் அடைத்த பிறகு, அதற்குள் கை விட்டு எடுப்பதற்கும் ஒருவரைத்தான் கூப்பிடுவோம்.

குப்பை வண்டி வராத இடத்தில் உள்ளவர்கள், கிணற்றிலிருந்து தூரமாக, நாய் கிளறாத ஆழத்தில் புதைப்பதே இருப்பதில் குறைந்த தீங்கு. உக்காது, ஆனால் அங்கேயே கிடக்கும்.

இலேசான வழி இன்னொன்று உண்டு. வீட்டில் நோயாளி இல்லாத, கூட்டத்துக்காகவும் தூசுக்காகவும் மட்டும் அணிகிறவர்கள், அடர்த்தியான துணியில் மூன்றடுக்கு வைத்துத் தைத்துக் கழுவிப் பாவிக்கலாம். 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே பொதுமக்களுக்கு மூன்றடுக்குத் துணி முகக்கவசத்தைச் சிபாரிசு செய்தது. அந்த ஆண்டில் எத்தனை வீடுகளில் தையல் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது! அது எமது கைத்தொழில். நோயாளியைப் பார்க்கிறவர்களும் கிளினிக் போகிறவர்களும் ஒருமுறை பாவிப்பதையே அணியவேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் காதுப் பட்டியைப் பிடித்துக் கழற்றி, வாய்ப்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்துச் சுருட்டுங்கள். கையுறையை மணிக்கட்டில் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி உரித்து, ஒன்றை மற்றதுக்குள் அடக்குங்கள். பட்டிகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் காகத்தின் காலிலும் நாயின் கழுத்திலும் சிக்காது. பத்திரிகைத் தாளில் சுற்றி, எஞ்சிய கழிவுப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள். நாப்கினுக்குச் செய்கிறோமே, அதே வேலைதான். பாதையில் கழற்ற நேர்ந்தால், கைப்பையில் ஒரு சிறு பை இருக்கட்டும். வீடு வரும்வரை அதற்குள் கிடக்கும். மகளின் பாடசாலைப் பையிலும் நான் ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு வகுப்பில் வேறு இரண்டு பிள்ளைகளும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

சென்ற மாதம் மாமிக்குக் காலில் புண் வந்து மருந்து கட்டத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் மீண்டும் கையுறையும் கட்டுத் துணியும் கழியத் தொடங்கியிருக்கின்றன. இம்முறை மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்றைப் பின்கதவடியில் வைத்திருக்கிறேன். பையைக் கட்டி, மேலே சிவப்புப் பேனையால் “புண் கட்டிய துணி, கையால் தொடவேண்டாம்” என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை குப்பை லொறி வந்தபோது எங்கள் வாசலில், எங்கள் வீட்டு இலக்கத்துக்குக் கீழேயே வைத்தேன். எதிர்வீட்டுப் பெண் வாசித்துவிட்டு மாமிக்கு என்ன சுகமில்லை என்று கேட்டு வந்தார்.

வீதி கூட்டும் அந்தப் பெண்மணி இப்போது எங்கள் பகுதிக்கு வருவதில்லை. வேறு ஒருவர் வருகிறார். அவரிடம் முன்னவரைப் பற்றி விசாரித்தேன். கிருலப்பனைப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். ஒரு பெட்டி தடித்த இறப்பர்க் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். போய்ப் பார்க்கவேண்டும். அந்தப் பையைப் பற்றியும் சொல்லவேண்டும்.